இழுக்க வராத பிடி

அந்தக் கார்பைன் துப்பாக்கியில் எல்லாமே சரியாக இருந்தது. வெர்னாவுக்கு வயிற்றெரிச்சலே அதுதான். மட்டமான சாமான் என்றால் கடைக்காரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பாள், பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். இதுவோ இருபத்தைந்து கஜத்தில் மணல்மூட்டைமேல் வைத்துச் சுட்டால் பத்துத் தோட்டாவையும் ஒரு ஊறுகாய் பாட்டில் மூடிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. தின்பது கைத்துப்பாக்கியின் தோட்டா, உடம்பு மட்டும் ரைஃபிளின் உடம்பு. தோளில் ஊன்றிக்கொள்ளலாம், கன்னத்தைச் சாய்த்துக்கொள்ளலாம். மேலே பொருத்திய கண்ணாடியில் சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி இலக்கின்மேல் போய் உட்கார்ந்ததும் விரலை அழுத்தினால் போதும். அறுபத்து மூன்று வயதுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைக்காது.

ஒரே ஒரு இடைஞ்சல். முதல் தோட்டாவை உள்ளே ஏற்றுவதற்கு, இடது பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்குத் துருத்திக்கொண்டிருக்கும் பிடியைப் பின்னால் இழுக்க வேண்டும். இழுத்தால் உள்ளேயிருக்கும் போல்ட் என்ற இரும்புக்கட்டை, ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்னால் வரும். விட்டால் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் போகும். சுட்டு முடித்த பிறகு, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்கும் அதே பிடியைத்தான் இழுக்க வேண்டும். வெர்னாவால் அதை இழுக்க முடியவில்லை.

பாதி வழி வரும். அதற்குமேல் இடது கட்டைவிரலின் அடிமூட்டில் யாரோ ஆணி அடிப்பதுபோல ஒரு வலி சுருக்கென்று ஏறும், விரல்கள் தாமாகவே விட்டுவிடும். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய கை. குருத்தெலும்பு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுகின்றன என்று எலும்பு டாக்டர் படம் எடுத்துக் காட்டியிருந்தார். கைத்துப்பாக்கியை விட்டதும் இதே காரணத்தால்தான். அதன் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க முடியாமல் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவள் சுடும் துப்பாக்கிக் கழகத்து அணியில் கேட்டவர்களிடம், "பிஸ்டல் சலிச்சுப்போச்சு, நீளத் துப்பாக்கி பழகலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவைத்திருந்தாள்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதே அணியில் சுட்ட ஹார்லன் கதியை அவள் கண்ணாலேயே பார்த்தவள். ஹார்லனுக்குத் தோள் போனபோது அணியே உருகிவிட்டது. ஒருவர் பையைத் தூக்கினார், ஒருவர் மேகசின் என்ற தோட்டாக் கூட்டை நிரப்பினார், ஒருவர் நாற்காலி போட்டார். கோல் ரன் கழகத்தின் சட்டம் வேறு கறாரானது: தன் துப்பாக்கியைத் தானே ஏற்றவும் தானே காலி செய்யவும் முடியாதவர் சுடும் கோட்டில் நிற்கக்கூடாது. அதனால் அவரைக் கூடாரத்துக்குள் உட்காரவைத்து, மதிப்பெண் குறிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். "ஹார்லன் இல்லேன்னா போட்டியே நடக்காது" என்று முதுகில் தட்டினார்கள். மூன்றாம் மாதம் ஹார்லன் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. அந்த நாற்காலி இன்னும் கூடாரத்தில்தான் இருக்கிறது. அதில் தான் போய் உட்காரப்போவதில்லை என்பதில் வெர்னா பிடிவாதமாக இருந்தாள்.

இந்தத் துப்பாக்கி, துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் நடீனுடையது. நடீனிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கழகத்து ஆட்களுக்குப் புது மாடல் ஒன்றை இரண்டு வாரம் இரவல் தருவாள். பதிலுக்கு ஒரு தாளை நிரப்பித் தரவேண்டும். குறி எப்படி, உதைப்பு எப்படி, விரல் அழுத்தும் விசை எப்படி, கையாள எப்படி என்று நாலே கேள்வி. தாளை இரண்டு மாதம் கடைச் சுவரில் ஒட்டிவைப்பாள். வாங்க வருகிறவர்கள் துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைத்தான் படிப்பார்கள்.

வெர்னா முதல் வாரத்திலேயே மூன்று கேள்வியை முடித்துவிட்டாள். குறி: பிரமாதம், ஆனால் பத்து கஜத்துக்குள் புள்ளி வைத்த இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே அடிக்கிறது, கண்ணாடி குழலுக்கு மேலே உயரத்தில் இருப்பதால், பழகிக்கொள்ள வேண்டும். உதைப்பு: தோளுக்குத் தெரிவதில்லை, புள்ளி மட்டும் கொஞ்சம் துள்ளுகிறது. விசை: அழுத்தியதும் இழுபறி இல்லாமல் சுத்தமாக விடுகிறது. நாலாவது கேள்விக்குப் பக்கத்தில் பேனாவை வைத்து வைத்து எடுத்ததில் ஒரு நீலப் பொட்டு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஆனால் அவள் மூளைக்காரி. துப்பாக்கியைப் படித்ததில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். மேகசினில் கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் பின்னாலேயே மாட்டிக்கொண்டு நின்றுவிடும். அப்போது புது மேகசினைச் செருகி, பக்கத்திலிருக்கும் ஒரு குட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும், போல்ட் தானே முன்னால் பாயும். அதற்கு ஒரு விரல் போதும். ஆகவே மேகசின் எப்போதும் காலியாகி முடிந்தால், பிடியை இழுக்கவே வேண்டியதில்லை.

போட்டியில் ஒரு சுற்றுக்கு ஐந்து இரும்புத் தகடு. டைமர் கத்தியதும் ஐந்தையும் அடிக்க வேண்டும், சிவப்புக் கம்பத்தில் இருக்கும் தகட்டைக் கடைசியாக அடித்தால் நேரம் நிற்கும். இப்படி ஐந்து சுற்று. தவறிய குண்டுக்கு மறுபடி சுடலாம் என்பதால் எல்லோரும் மேகசினில் பத்து, பதினைந்து என்று நிரப்பிக்கொண்டு வருவார்கள். வெர்னா ஐந்தே ஐந்து போட்டாள். ஐந்து மேகசின், ஒவ்வொன்றிலும் ஐந்து. ஐந்தும் பட்டால் போல்ட் திறந்து நிற்கும். ஒன்று தவறினாலும் ஆறாவது கிடையாது, அந்தச் சுற்றுக்கு முப்பது விநாடி என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான். போல்ட் எப்படியும் திறந்து நிற்கும், மானம் தப்பும்.

மீதி ஒரு இழுப்புதான், ஸ்பிரிங் தளராமலிருக்க மூடி வைத்த போல்ட்டைத் திறக்க, பயிற்சி நாட்களில் காலையில், வீட்டில். துணி துவைக்கும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காலித் துப்பாக்கியின் தோள்கட்டையை வாஷிங் மெஷினில் முட்டுக்கொடுத்து, பிடியில் ஒரு பழைய இடுப்புவாரை மாட்டி, உடம்பின் கனத்தையெல்லாம் போட்டுத் தொங்குவாள். நாலு தடவை வழுக்கி ஐந்தாவது தடவை வரும். திறந்த போல்ட்டுக்குள், தோட்டா இல்லை என்று காட்டும் மஞ்சள் கொடியைச் செருகி, அப்படியே பையில் வைத்து மைதானத்துக்குப் போய்விடுவாள். "உள்ள என்ன மாடா கட்டியிருக்க?" என்று அவள் கணவர் வாலஸ் சமையலறையிலிருந்து கேட்டார் ஒருநாள். "மெஷின் ஆடுது" என்றாள்.

இந்த ஐந்து தோட்டா விவகாரம் அணியில் வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. வாய் டெல்பர்ட்டுடையது. டெல்பர்ட் கிரிம், அறுபத்தேழு வயது, பதினைந்து வருஷமாக அதே அணி. வீட்டில் தானே தோட்டா செய்கிறவர். நாக்கை அடக்கும் வித்தை மட்டும் கற்காதவர்.

போன புதன்கிழமைப் பயிற்சியில் அவள் மேகசின் நிரப்புவதை எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க பாருங்கப்பா, மகாராணி அஞ்சே அஞ்சுதான் போடுறாங்க. நமக்கெல்லாம் குறி தவறும், அவங்களுக்குத் தவறாதாம்!" என்றார்.

"யோவ், உன் மேகசின நீ பாரு."

"இல்ல தாயே, தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். நாங்க பதினஞ்சு போடுறவங்க எல்லாம் குறி தவறி மண்மேட்டுக்கு உரம் போடுறோம்னு சொல்லாம சொல்றியா?"

நாலு பேர் சிரித்தார்கள். வெர்னாவுக்குக் காது மடல் சுட்டது. திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்குவதா, கையாலாகாதவள் என்று பேர் வாங்குவதா? இரண்டில் திமிரே தேவலை என்று வாயை மூடிக்கொண்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் சுடவும் கொடுத்தாள், போல்ட் திறந்த நிலையில், ஐந்து தோட்டாவோடு. சுட்டார்கள், பாராட்டினார்கள், திறந்து நின்ற போல்ட்டோடு திருப்பித் தந்தார்கள். கண்ணாடியை மாற்று என்றார் ஒருவர். முன்பிடி போடு என்றார் இன்னொருவர். கட்டையை ஒரு அங்குலம் நீட்டு என்றார் மூன்றாமவர். ஆளாளுக்கு ஒரு யோசனை. அவளுக்கு வேண்டியிருந்ததோ ஒரு கட்டைவிரல். அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. டெல்பர்ட் ஒருவர்தான் சுட்டுப் பார்க்க வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

சனிக்கிழமை போட்டி. அன்றோடு இரவல் கெடுவும் முடிகிறது; திங்கட்கிழமை வாங்குவதா திருப்புவதா என்று சொல்ல வேண்டும். துவைக்கும் அறையில் அன்று ஏழாவது தடவைதான் பிடி வந்தது. கை விண்விண்ணென்று தெறித்தது. காலை எட்டரை மணிக்குக் கழகத்து மைதானத்தில் செப்டம்பர் மாதப் பனி இன்னும் புல்லில் இருந்தது. வண்டியின் பின்பலகையில் டோனட் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். வெர்னா காபிக் கோப்பையை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

டெல்பர்ட் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார்.

"இந்தா."

"என்னது?"

"என் கையால பண்ணினது. வெடிமருந்து குறைச்சுப் போட்டிருக்கேன், பஞ்சு மாதிரி இருக்கும். உன் புள்ளி துள்ளுதுன்னு சொன்னியாமே, இதுல அசையாது." கொஞ்சம் நிறுத்தி, "அன்னைக்குக் கொஞ்சம் ஓவராப் பேசிட்டேன்" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் அதுவரை வாயில் போட்டதில்லை; தோட்டாவாகத்தான் கொடுப்பார்.

வெர்னாவின் பையில் கடைத் தோட்டா இரண்டு பெட்டி இருந்தது. இரண்டு வாரமாக அதைத்தான் சுட்டாள். போட்டி நாளில் புதுத் தோட்டா போடுவது முட்டாள்தனம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தானே தோட்டா செய்கிற ஒருவர் நீட்டும் டப்பாவை வேண்டாம் என்பது, அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்துவிட்டுத் தட்டைத் தள்ளுவதுபோல. உன் மருந்தளவை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும். அதிலும் டெல்பர்ட் இறங்கி வந்து கொடுக்கிறார்.

"நல்லாச் சுடும்ல?"

"என் துப்பாக்கியில மாசம் ஐநூறு சுடுறேன். ஒண்ணு சிக்கினதில்லை."

வாங்கிக்கொண்டாள். ஐந்து மேகசினையும் அந்தத் தோட்டாவால் நிரப்பினாள்.

முதல் சுடும் மேடையில் அவள் பேர் மூன்றாவது. சுடும் கோட்டில் விதியைக் காப்பவர் ராய்ஸ். ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், ஆறடி மூன்றங்குலம், விதிப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். வெர்னா கட்டத்துக்குள் நின்றாள். குழல் தகடுகளுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டைப் பார்த்திருக்க, மஞ்சள் கொடியை உருவினாள், மேகசினைச் செருகினாள், பொத்தானை அழுத்தினாள். போல்ட் பாய்ந்து மூடியது. இதுவரை எல்லாம் ஒரு விரல் வேலை.

"தயாரா?" ராய்ஸ் குரல் பின்னாலிருந்து வந்தது.

தலையை ஆட்டினாள். டைமர் கத்தியது.

டங், டங், டங், டங். சிவப்புப் புள்ளி எங்கேயும் தயங்கவில்லை. டெல்பர்ட் சொன்னது உண்மைதான், பஞ்சுதான். சிவப்புக் கம்பத்துத் தகட்டிலும் டங்.

"நாலு புள்ளி ஒண்ணு!" என்றார் ராய்ஸ். அவர் குரலில் ஆச்சரியம் தெரிந்தது. பின்னால் யாரோ விசிலடித்தார்கள். பதினைந்து வருஷத்தில் அவள் எடுத்ததிலேயே நல்ல நேரம் அது. வெர்னா சிரித்தபடி அடுத்த மேகசினுக்குக் கை நீட்டிக்கொண்டே கீழே பார்த்தாள்.

போல்ட் மூடியிருந்தது.

ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. மருந்து குறைவு. குண்டு தகடுவரை போகப் போதும். அந்தக் கனத்த போல்ட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி மாட்டப் போதாது. நாலு தடவை தோட்டா ஏற்றும் அளவுக்குத் தத்தித் தத்திப் போய் வந்திருக்கிறது. கடைசியில் கொக்கியில் மாட்டும் அளவுக்குப் போகவில்லை. காலி மேகசின், காலிக் குழல், மூடிய போல்ட். இனி இழுத்தால்தான் உண்டு.

"எப்ப வேணும்னாலும் அடுத்த சுற்று" என்றார் ராய்ஸ்.

புது மேகசினைச் செருகினாள். இரண்டு விரலைப் பிடியில் வளைத்து இழுத்தாள். பாதி வந்தது. ஆணி இறங்கியது. விட்டுவிட்டாள். உள்ளங்கையின் அடியைக் கொடுத்துத் தள்ளினாள். வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டையை இடுப்பில் முட்டுக்கொடுத்து உடம்போடு திருப்பி இழுத்தாள்.

"குழல்!" ராய்ஸ் அதட்டினார். "குழல் மேல போகுது வெர்னா! மண்மேட்டைப் பாத்து வை!"

இறக்கினாள். இன்னும் நாலு விரற்கடை மேலே போயிருந்தால் அங்கேயே போட்டியிலிருந்து வெளியேற்றியிருப்பார். முதுகுக்குப் பின்னால் அணி முழுவதும் அமைதியாகிவிட்டது. சிரித்தாலாவது திரும்பித் திட்டலாம். கண் எரிந்தது. இந்தக் கையை வெட்டி எறிந்தால் என்ன என்று வந்தது. இரண்டு வாரம் ஒளித்து, திமிர்ப் பேர் வாங்கி, வாஷிங் மெஷினோடு மல்லுக்கட்டி, கடைசியில் எல்லோரும் பார்க்க இந்த இடத்தில் வந்து நிற்கவா?

"தோட்டா சிக்கிடுச்சா?" என்றார் ராய்ஸ்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சிக்கலை நீயே எடு என்பார். பொய்யில்கூட அந்தப் பிடியை இழுக்க வேண்டியிருந்தது.

"ஒண்ணும் சிக்கலை" என்றாள். "என்னால இதை இழுக்க முடியலை ராய்ஸ். இன்னைக்கு மட்டும் இல்ல. வாங்கிட்டு வந்த நாள்லேர்ந்து முடியலை."

ராய்ஸ் பக்கத்தில் வந்து, குழல் அசையாமல் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். மேகசினை உருவினார். பிடியில் கை வைத்து இழுத்தார்.

வரவில்லை.

அவர் முகம் சுளித்தது. காலை அகட்டி நின்று மறுபடி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது, போல்ட் முக்கால்வாசி வந்து திரும்ப ஓடியது. மூன்றாவது தடவை நாலு விரலையும் கோத்து ஒரு வெட்டு வெட்டி இழுத்துத்தான் மாட்டினார். மாட்டிவிட்டுக் கையை உதறினார்.

"என்னம்மா இது? டிராக்டர் ஸ்பிரிங்கையா போட்டு வெச்சிருக்கான்?"

வெர்னா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எரியும் வீட்டுக் கதவுகளைக் கோடரியால் பிளந்த கை அது. அந்தக் கைக்கே மூன்று தடவை.

விதி விதிதான். மிச்ச நாலு சுற்றுக்கும் முப்பது முப்பது என்று ராய்ஸ் குறித்தார். இன்றைக்கு உனக்கு இவ்வளவுதான், அடுத்த மாதம் நீயே இழுத்துக் காட்டிவிட்டுக் கோட்டில் நில் என்றார். நாலு புள்ளி ஒன்றும் அந்த நாலு முப்பதுகளுக்கு அடியில் கிடந்து நாசமாய்ப் போயிற்று.

அவள் துப்பாக்கியைப் பாதுகாப்பு மேசைக்கு எடுத்துப்போனாள். தோட்டா எதுவும் பக்கத்தில் வரக்கூடாத மேசை. அங்கே மட்டும்தான் துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். டெல்பர்ட் தன் பையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே வெர்னா."

அவ்வளவுதான், வெடித்தாள். "சொல்லி? சொல்லி என்ன ஆகும்? நீ என் பையத் தூக்குவ. அவன் நாற்காலி போடுவான். அடுத்த மாசம் கூடாரத்துல ஹார்லன் இடத்துல நான் உக்காந்திருப்பேன். நீயும் உன் பஞ்சுத் தோட்டாவும்! உன்கிட்ட கேட்டேனா நான்?"

"போல்ட் மாட்டாதுன்னு எனக்கு..."

"மாட்டாதுன்னு உனக்குத் தெரியாதா? இருபது வருஷமா தோட்டா செய்யுறவனுக்கு?"

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"ராத்திரியே யோசிச்சிருக்கணும். அந்தத் துப்பாக்கியோட ஸ்பிரிங் எனக்குத் தெரியும். ஏப்ரல்ல நானும் எடுத்துட்டுப் போனேன், நடீன் கடையில. இதே துப்பாக்கி."

"இதேவா?"

"இதேதான். மூணு நாள்ல திருப்பிக் குடுத்துட்டேன். எனக்கும் வரலை." அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார். "நீ எடுத்தேன்னு கேட்டதும், இவளும் திருப்பிடுவான்னு நினைச்சேன். நீ என்னடான்னா போல்ட்டை எப்பவும் திறந்தே வெச்சுக்கிட்டு, ஊருக்கெல்லாம் சுடக் குடுத்துக்கிட்டு, அஞ்சு தோட்டாவோட அலட்டிக்கிட்டுத் திரியுற. எனக்கு எரிஞ்சுது. ஒரு பொம்பள சாதாரணமா இழுக்குறா, நம்மால முடியலையேன்னு எரிஞ்சுது. அதான் வாய் கொழுப்பு."

வெர்னாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அது இருந்த இடத்தில் அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்தது. இரண்டு வாரம். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆளிடம், இந்தா இதை மூடிய நிலையிலிருந்து இழுத்துப் பார் என்று கொடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கொடுக்கவில்லை. ஒவ்வொருவர் கையிலும் திறந்தே கொடுத்து, திறந்தே வாங்கினாள். துப்பாக்கியைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு வாரமும் தன் கையைத்தான் சோதித்துக் கொண்டிருந்திருக்கிறாள், அதற்கு மட்டமான மார்க்கும் போட்டிருக்கிறாள்.

டெல்பர்ட் தன் பையைத் திறந்து அவருடைய கார்பைனை எடுத்து மேசைமேல் வைத்தார். வேறு மாடல். கொடியை உருவி, போல்ட்டை மூடினார்.

"இதுல மெல்லிசு ஸ்பிரிங் மாத்திப் போட்டிருக்கேன். அதுக்குத் தக்கபடிதான் மருந்தைக் குறைச்சேன். இழு."

"வேண்டாம்."

"இழு வெர்னா. இங்க நான் மட்டும்தான இருக்கேன்."

அவர் மட்டும் இல்லை. ராய்ஸும் இன்னும் மூன்று பேரும் டோனட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றிருந்தார்கள். வெர்னா இடது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள். குழலை மண்மேட்டுக்கு நேராக வைத்துக்கொண்டு பிடியில் விரலை வளைத்தாள். இழுத்தாள். வலித்தது, நன்றாகவே வலித்தது; ஆனால் விரல்கள் விடவில்லை. போல்ட் வந்து கொக்கியில் மாட்டும் சத்தம் கேட்டது. மறுபடி விட்டு மறுபடி இழுத்தாள். மறுபடியும் வந்தது.

அழக்கூடாது என்று நினைத்தாள். அழுதுவிட்டாள். எரிச்சலில்தான் அதிகம்.

"இந்த ஸ்பிரிங் அந்த மாடலுக்கும் வரும்" என்றார் டெல்பர்ட். "ரெண்டு நாள்ல தபால்ல வந்துடும். நானே மாட்டித் தர்றேன்."

"நான் மாட்டிக்குவேன்." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள். "டெல்பர்ட், ஏப்ரல்ல நடீனுக்கு ஒரு தாள் குடுத்திருப்பியே. அதுல என்ன எழுதின?"

அவர் மேசைமேலிருந்த கொடியைக் கையில் எடுத்து உருட்டினார்.

"விசை சரியில்லைன்னு எழுதினேன்."

"விசையா? இந்த விசையா சரியில்லை?"

"வேற என்ன எழுதச் சொல்ற? கை வரலைன்னா? அதை நடீன் சுவத்துல ஒட்டுவா, ஊரே படிக்கும்!"

"கையாள எப்படிங்கிற கேள்விக்கு?"

"சொகுசு" என்றார் டெல்பர்ட். சொல்லிவிட்டு அவருக்கே தாங்கவில்லை, ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

ராய்ஸ் தூரத்திலிருந்து ஒரு இருமல் இருமினார். சிரிப்பை அடக்குகிறவர் இருமல் அது.

வெர்னா பையிலிருந்து தன் தாளை எடுத்தாள். மேசையில் வைத்து, நீலப் பொட்டுக்குப் பக்கத்தில் எழுதினாள். பிடியை இழுக்க முடியவில்லை. என் கை மோசம், இந்த ஸ்பிரிங் அதைவிட மோசம். ஆறடி மூன்றங்குல ஆளுக்கே மூன்று தடவை பிடித்தது. மெல்லிய ஸ்பிரிங் போட்டுத் தந்தால் வாங்கிக்கொள்கிறேன். கீழே, வெர்னா ஜோசஃபின் ஹ்ருஸ்கா என்று ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். பிறகு தாளை டெல்பர்ட் பக்கம் திருப்பிப் பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"நீயும் போடு."

"நானா?"

"உனக்கும் வரலைன்னு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போடு."

டெல்பர்ட் தாளைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். டோனட்டோடு நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் எத்தனை பேர் அவரவர் வீட்டுத் துவைக்கும் அறையில் என்னென்ன செய்கிறார்களோ, யார் கண்டார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. மாடுகள் மேயும் சரிவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அடுத்த மேடையின் டைமர் சத்தம் வந்தது.

அவர் பேனாவை எடுத்தார்.

"பேர் போட்டே ஆகணும்னு கட்டாயம் இல்லையே" என்றார்.

"போடு."

"வெறும் டி. கிரிம்னு போட்டாப் போதுமா?"

"முழுசா எழுது" என்றாள் வெர்னா.